“ஓசோன்ல ஓட்ட, அதான் வெயில்”: மாணவர் மனதில் உள்ள தவறான கருத்துகளைக் கண்டறிவது எப்படி?

ஜூலை பிறந்தும் வெயில் தணியாத ஒரு மதியம். ஒன்பதாம் வகுப்பில் மின்விசிறி நின்றுபோயிருந்தது. தண்ணீர் பாட்டிலைக் கன்னத்தில் வைத்தபடி ஒரு மாணவி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: “ஓசோன்ல ஓட்ட விழுந்துருச்சுல்ல, அதான் இப்படிக் கொளுத்துது.” மற்றவள் “ஆமா” என்றாள். முந்தைய வாரம்தான் அலகுத் தேர்வு வைத்திருந்தேன். பசுமை இல்ல வாயுக்களைக் குறிப்பிடுக, ஓசோன் படலத்தின் பயன் யாது ஆகிய இரண்டு கேள்விகளுக்கும் இருவரும் முழு மதிப்பெண் வாங்கியவர்கள்.

அன்று எனக்கு உறைத்த விஷயம் இது: சரியான விடை எழுதுவது வேறு, மனதில் சரியான படம் இருப்பது வேறு. அந்தப் படத்தை வெளியே கொண்டுவர அலகுத் தேர்வால் முடியாது. அதற்கென்று ஒரு கண்டறி தேர்வு தயாரிக்க வேண்டும். நான் இறங்கியபோது வழி சொல்ல ஆள் இல்லை. ஒரு முழுப் பருவம் வீணானது. பி.எட்., எம்.எட். படிப்பவர்களும் செயலாய்வு (தன் வகுப்புச் சிக்கலைத் தானே ஆராய்வது) செய்ய நினைக்கும் ஆசிரியர்களும் அதே இடங்களில் முட்டிக்கொள்ளாமல் இருக்கவே இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் மூன்று சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். தெரியாதது தெரியாமை. தெரிந்தும் அவசரத்தில் தவறாகக் குறித்தது கவனப்பிழை. தவறான ஒன்றை, காரணத்தோடு, உறுதியாக நம்புவதுதான் தவறான கருத்து. கீழே சொல்லும் எல்லாமே இந்த மூன்றாவதை மற்ற இரண்டிலிருந்து பிரித்தெடுக்கத்தான்.

1. எல்லையைக் குறுக்குங்கள்

என் முதல் தாளில் 40 கேள்விகள். காற்று மாசு, புகைமூட்டம், புவி வெப்பமயமாதல், ஓசோன், அமில மழை எல்லாவற்றையும் அதில் அடைத்துவிட்டேன். ஒரு பாடவேளை போதவில்லை. கடைசிப் பக்கங்களில் பிள்ளைகள் படிக்காமலே வரிசையாக ‘ஆ’ போட்டிருந்தது பார்த்தவுடன் தெரிந்தது.

10 முதல் 12 கேள்விகள் போதும். ஒரு வகுப்பு போதும். ஆனால் தலைப்பைக் குறுக்கும்போது ஓசோனையும் பசுமை இல்ல விளைவையும் பிரித்துவிடாதீர்கள். குழப்பம் குடியிருப்பதே அந்த இரண்டுக்கும் நடுவில்தான். ஓசோனை மட்டும் வைத்து ஒரு தேர்வு வைத்தால் அது கண்ணில் படாது. அமில மழைக்கு இரண்டு கேள்விகள் ஒதுக்கினால் போதும்.

எந்த வகுப்பு? தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் எட்டாம் வகுப்பு அறிவியலின் ‘காற்று’ பாடத்திலேயே பசுமை இல்ல விளைவும் அமில மழையும் வந்துவிடுகின்றன. அதனால் ஒன்பதாம் வகுப்பின் தொடக்கம் நல்ல நேரம். படித்து முடித்து, மனப்பாடம் கலைந்து, மனதில் ஒட்டியது மட்டும் மிஞ்சியிருக்கும்.

2. உங்களுக்குத் தெரிந்ததை முதலில் எழுதிப் பாருங்கள்

இதைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். நானும் தாண்டினேன். பிறகு என் விடைக்குறிப்பிலேயே இரண்டு தவறுகள் இருந்தன. கேள்வி எழுதும் முன், சரியான கருத்துகளை முழு வாக்கியங்களாக ஒரு தாளில் எழுதுங்கள். என் பட்டியலில் இருந்து, ஆசிரியர்களே வழுக்கி விழும் சிலவற்றைச் சொல்கிறேன்.

பசுமை இல்ல விளைவு இயற்கையானது. அது இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பநிலை இப்போதுள்ள சுமார் 15 டிகிரிக்குப் பதில் மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்திருக்கும். சிக்கல், அந்த விளைவு கூடிக்கொண்டே போவதில் இருக்கிறது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்தில் சுமார் 280 பங்கு இருந்த கார்பன் டை ஆக்சைடு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. சதவீதத்தில் சொன்னால் 0.04 சொச்சம். மாணவர்கள் பலர் இதை 20, 30 சதவீதம் என்று நினைக்கிறார்கள். இவ்வளவு சிறிய அளவு எப்படி வேலை செய்கிறது என்ற கேள்வியே அவர்களுக்கு எழுவதில்லை.

ஓசோன் ‘படலம்’ என்பது பிளாஸ்டிக் தாள் மாதிரி விரிந்து கிடக்கும் ஒன்று இல்லை. சுமார் 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் மற்ற வாயுக்களோடு கலந்து பரவிக் கிடக்கிறது. மேலே உள்ள ஓசோன் முழுவதையும் தரைமட்டத்துக்குக் கொண்டுவந்து, தரையில் உள்ள காற்றழுத்தத்தில் விரித்தால் அதன் கனம் 3 மில்லிமீட்டர்தான் இருக்கும். ‘ஓட்டை’ என்பதும் கிழிசல் இல்லை. அண்டார்டிகாவுக்கு மேலே ஆண்டுதோறும் செப்டம்பர், அக்டோபர் வாக்கில் ஓசோன் வெகுவாகக் குறைந்துபோகும் பகுதி அது. நம் ஊர் வெயிலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஓசோன் குறைந்தால் கூடுவது புற ஊதாக் கதிர். அதனால் வருவது தோல் புற்றுநோய், கண்புரை போன்றவை. பூமியிலிருந்து வெளியேறும் அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சுவது பசுமை இல்ல வாயுக்களின் வேலை. எந்தக் கதிர், எந்தத் திசையில் போகிறது என்பதைப் பிரித்துச் சொல்லத் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பழைய ஏசி, பிரிட்ஜ்களில் இருந்த குளோரோபுளோரோகார்பன் வாயு இரண்டு பக்கமும் இருக்கிறது: ஓசோனையும் அழிக்கும், வெப்பத்தையும் பிடித்துவைக்கும். ஆகவே ‘இரண்டுக்கும் தொடர்பே இல்லை’ என்று வகுப்பில் அடித்துச் சொல்லாதீர்கள். ஏசி, பிரிட்ஜ் பற்றியும் கவனம் தேவை. 1987-ல் கையெழுத்தான மாண்ட்ரீல் உடன்படிக்கையின்படி, 2010 தொடக்கத்தோடு இந்தியா குளோரோபுளோரோகார்பன்களின் பயன்பாட்டுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. இன்று கடையில் வாங்கும், ஆர்-32 என்ற குளிர்பதன வாயு உள்ள ஏசி ஓசோனை அழிப்பதில்லை. ஆனால் அந்த வாயு கசிந்தால் அது பசுமை இல்ல வாயு. ‘பிரிட்ஜ் ஓசோனை அழிக்குமா?’ என்று மொட்டையாகக் கேட்டால் விவரம் தெரிந்த மாணவன்தான் திணறுவான்.

கடைசியாக, சுத்தமான மழைநீரே லேசான அமிலம்தான். காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடு கரைவதால் அதன் பிஎச் மதிப்பு 5.6 அளவில் இருக்கும். கந்தக டை ஆக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் கலந்து அதற்கும் கீழே போனால்தான் அமில மழை.

பட்டியலை முடித்ததும் வேதியியலோ இயற்பியலோ படித்த இன்னொருவரிடம் கொடுத்துத் திருத்துங்கள். உங்கள் பள்ளியில் இல்லாவிட்டால் பக்கத்து மேல்நிலைப் பள்ளி முதுகலை ஆசிரியரிடம் போங்கள். ஒரு மாலை நேரம் செலவாகும், காசு ஆகாது.

3. கேள்வித்தாளுக்கு முன் காது கொடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

என் முதல் தாளில் தவறான விடைகளை நானே கற்பனை செய்து எழுதினேன். அவை பெரியவர்களின் தவறுகளாக இருந்தன. பிள்ளைகள் அவற்றில் எதையும் தொடவில்லை, ஏனென்றால் அவர்கள் அப்படி நினைக்கவே இல்லை. அவர்கள் நினைப்பதை அவர்களிடமே கேட்டு வாங்க வேண்டும்.

முதலில் வரையச் சொல்லுங்கள். ஆளுக்கு ஒரு அரை வெள்ளைத்தாள், 15 நிமிடம். “ஓசோன் எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது? வரைந்து, அம்புக்குறி போட்டு, பக்கத்தில் ரெண்டு வரி எழுதுங்க.” பெயர் வேண்டாம். வரிசை எண்ணுக்குப் பதில் ஒரு குறியீடு போதும்.

ஒரு மாணவன் கொடுத்த படத்தை இன்னும் வைத்திருக்கிறேன். பூமியை நீல மெழுகுப் பென்சிலால் உருட்டி வரைந்திருந்தான். அதைச் சுற்றிக் கறுப்பில் ஒரு வளையம். வலது மேல்பக்கம் வளையம் கிழிந்திருந்தது. கிழிந்த ஓரங்களைத் தார்ப்பாய் நைந்தது மாதிரி பிசிர் பிசிராகக் கவனமாக வரைந்திருந்தான். அதன் வழியாகச் சிவப்பு அம்பு உள்ளே நுழைந்து, வளையத்தின் உட்பக்கம் கேரம் காய் மாதிரி மோதி மோதித் திரும்பிக்கொண்டிருந்தது. தனியாக உட்காரவைத்துக் கேட்டேன்.

“இந்தச் சிவப்பு என்னப்பா?”

“வெப்பம் டீச்சர். சூரியன்லேருந்து வருது.”

“உள்ள வந்த அதே வழியா வெளிய போகலாமே?”

“ஓட்ட சின்னது டீச்சர். திரும்பிப் போய் அதே ஓட்டைய அது கண்டுபிடிக்கணும்ல? முடியாது. உள்ளயே சுத்தும். அதான் சூடாகிட்டே போகுது.”

பாருங்கள், இதில் எவ்வளவு யோசனை இருக்கிறது! ஓசோன் ஓட்டை, வெப்பம் சிக்கிக்கொள்வது என்று பாடப்புத்தகம் தனித்தனியாகச் சொன்ன இரண்டையும் ஒரே இயந்திரமாகக் கட்டியிருக்கிறான். தவறுதான், ஆனால் அவனைப் பொறுத்தவரை அது எல்லாவற்றையும் விளக்கிவிடுகிறது. அதனால்தான் “தப்பு” என்று ஒரு வரியில் சொன்னால் அது அசையாது. பிற நாடுகளில் நடந்த ஆய்வுகளிலும் இதே படம், ஓட்டை வழியாக உள்ளே வந்த கதிர் சிக்கிக்கொள்வது, மீண்டும் மீண்டும் பதிவாகியிருக்கிறது.

படங்களைப் பார்த்து ஆறு முதல் எட்டுப் பேரைத் தேர்ந்தெடுத்துப் பேசுங்கள். நன்றாகப் படிப்பவர்களை மட்டும் அழைக்காதீர்கள். தனியாகப் பேசத் தயங்குபவர்களை இருவர் இருவராக அழையுங்கள். ஒரு பேட்டிக்கு 15 நிமிடம். உணவு இடைவேளையின் பின்பாதி சரியாக வரும். விளையாட்டுப் பாடவேளையில் மட்டும் கூப்பிடாதீர்கள், பிள்ளையின் மனம் மைதானத்தில்தான் இருக்கும்.

பேட்டியில் கவனிக்க வேண்டியவை:

• தலையாட்டாதீர்கள், “சரி”, “வெரிகுட்” சொல்லாதீர்கள். முகத்தைப் பார்த்து விடையை மாற்றிவிடுவார்கள். “ம்ம், அப்புறம்?” போதும்.

• “ஓசோன் குறைஞ்சா வெப்பம் கூடுமா?” என்று கேட்டால் “கூடும் டீச்சர்” என்றுதான் வரும். “ஓசோன் குறைஞ்சா என்ன ஆகும்?” என்று கேளுங்கள்.

• அந்த நேரத்தில் திருத்தாதீர்கள். மிகவும் கடினமான விதி இதுதான். ஆசிரியரின் நாக்கு பரபரக்கும். ஒருவரைத் திருத்தினால் மதியத்துக்குள் வகுப்பு முழுவதும் ‘சரியான விடை’ பரவிவிடும், உங்கள் தேர்வு அங்கேயே முடிந்தது. எல்லாம் முடிந்த பிறகு சேர்ந்து பேசலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

• குரல் பதிவு செய்வதென்றால் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் கட்டாயம். இல்லாவிட்டால் கையால் குறித்துக்கொள்ளுங்கள், பிள்ளை சொன்ன சொல் மாறாமல்.

சொல் மாறாமல் என்பதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. நம் கலைச்சொற்களே சில தவறான கருத்துகளை விதைக்கின்றன. “பசுமை இல்ல வாயுன்னா மரம் விடுற வாயு, ஆக்சிஜன்” என்றாள் ஒரு மாணவி. அவள் காதில் ‘பசுமை’ என்றால் மரம், செடி, நல்லது. ஊட்டியில் கண்ணாடி வீடு பார்த்திராத பிள்ளைக்கு ‘பசுமை இல்லம்’ வேறு எதைத்தான் நினைவூட்டும்? ‘படலம்’ தாள் ஆகிறது, ‘ஓட்டை’ கிழிசல் ஆகிறது. ‘அமில மழை’ என்றதும் கழிவறை கழுவும் ஆசிட் நினைவுக்கு வந்து, “மேல பட்டா தோல் வெந்துரும்” என்கிறார்கள். இவை வெளிநாட்டுக் கேள்வித்தாள் எதிலும் இருக்காது. இணையத்தில் கிடைக்கும் ஆங்கிலத் தேர்வை அப்படியே மொழிபெயர்த்து வைக்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

என் வகுப்பில் கிடைத்த இன்னும் சில: போகியன்று டயர் எரித்தால் புகை மேலே போய் ஓசோனை ஓட்டை போடும். கூடங்குளம் மாதிரி அணுமின் நிலையங்களால்தான் பூமி சூடாகிறது. குப்பையைத் தெருவில் போட்டால் ஓசோன் பாதிக்கும். மரம் நட்டால் ஓசோன் ஓட்டை அடைபடும். கடைசி இரண்டையும் கவனியுங்கள்: சுற்றுச்சூழலுக்குக் கெட்டது எதுவானாலும் எல்லாச் சிக்கலுக்கும் காரணம், நல்லது எதுவானாலும் எல்லாவற்றுக்கும் மருந்து. முழக்க வாசகங்களில் வளர்ந்த அறிவு இது.

4. கேள்வியை அடுக்குகளாகக் கட்டுங்கள்

வெறும் நான்கு விடைத் தேர்வு போதாது. மூன்றடுக்குக் கேள்வி வையுங்கள்: விடை, காரணம், உறுதி. விடைக்கு ஒன்று, காரணத்துக்கு ஒன்று என்று உறுதியை இரண்டு முறை கேட்கும் நான்கடுக்கு முறையும் உண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்கு மூன்றே போதும் என்பது என் அனுபவம். நான்கு வைத்தால் சலிப்பில் எல்லாவற்றுக்கும் ‘உறுதி’ போட்டுவிடுகிறார்கள்.

நான் பயன்படுத்தியதில் ஒன்று:

வளிமண்டலத்தின் மேலே உள்ள ஓசோன் முழுவதும் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கார்பன் டை ஆக்சைடு மட்டும் இப்போது போலவே கூடிக்கொண்டு போகிறது. பூமியின் சராசரி வெப்பநிலை என்ன ஆகும்?
அ. தொடர்ந்து உயரும்
ஆ. உயர்வது நின்றுவிடும்
இ. குறையத் தொடங்கும்

உன் விடைக்குக் காரணம்:
அ. ஓசோன் திரும்பியதால் சூரிய வெப்பம் உள்ளே வருவது தடுக்கப்படும்
ஆ. பூமியிலிருந்து வெளியேறும் வெப்பக் கதிரைக் கார்பன் டை ஆக்சைடு உறிஞ்சுவது தொடரும்
இ. ஓட்டை அடைபட்டதால் உள்ளே உள்ள வெப்பம் வெளியே போக வழியில்லை
ஈ. வேறு காரணம்: …………

உன் விடையிலும் காரணத்திலும் நீ: உறுதியாக இருக்கிறாய் / உறுதியாக இல்லை

காரணம் ‘இ’ அந்தக் கேரம் காய் மாணவனின் படத்திலிருந்து பிறந்தது. அதைத் தேர்ந்தெடுப்பவர் முதல் அடுக்கில் ‘தொடர்ந்து உயரும்’ என்று சரியாகவே குறிப்பார். காரணத்தைக் கேட்காமல் விட்டிருந்தால் அவருக்கு முழு மதிப்பெண் கொடுத்து அனுப்பியிருப்பேன்.

எழுதும்போது வழுக்கும் இடங்கள்: ‘மேற்கண்ட அனைத்தும்’ வேண்டவே வேண்டாம், எதுவும் தெரியாதவர் அதைத்தான் குறிப்பார். ‘பின்வருவனவற்றுள் எது காரணம் அல்ல’ என்று எதிர்மறையில் கேட்காதீர்கள். சரியான காரணம் மட்டும் நீளமாக இருந்தால் பிள்ளைகள் நீளத்தைப் பார்த்தே குறித்துவிடுவார்கள். ‘வேறு காரணம்’ என்ற வரியை எந்தக் கேள்வியிலும் விடாதீர்கள், அடுத்த ஆண்டுக்கான தெரிவுகள் அங்கேதான் கிடைக்கும்.

5. அனுமதியும் ஆவணங்களும்

உங்கள் பள்ளியில், உங்கள் வகுப்பில் மட்டும் என்றால் தலைமை ஆசிரியரின் எழுத்துப்பூர்வ அனுமதி போதுமானதாக இருந்தது. வாய்வழி அனுமதியை நம்ப வேண்டாம். நடுவில் தலைமை ஆசிரியர் மாறுதலாகிப் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

வேறு பள்ளிகளுக்கும் போவதென்றால் முதன்மைக் கல்வி அலுவலரிடம் அனுமதி வாங்க வேண்டும். என் விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்தது. முதல் முறை கேள்வித்தாள் இணைக்கப்படவில்லை, இரண்டாம் முறை எந்தப் பள்ளியில் எந்தத் தேதி என்ற பட்டியல் இல்லை. இரண்டு குறையையும் ஒரே தடவையில் யாரும் சொல்லாததால் ஐந்து வாரம் போனது. நீங்கள் முதல் முறையே இவை எல்லாவற்றையும் வைத்துக் கொடுங்கள்:

• விண்ணப்பக் கடிதம், உங்கள் தலைமை ஆசிரியர் வழியாக, அவருடைய பரிந்துரையோடு
• எம்.எட். ஆய்வு என்றால் கல்லூரி முதல்வர் அல்லது வழிகாட்டிப் பேராசிரியரின் கடிதம். செயலாய்வு என்றால் டயட் (மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம்) கொடுத்த கடிதம்
• கேள்வித்தாளின் முழுப் பிரதி
• பள்ளிகள், வகுப்பு, தேதி, பாடவேளை அடங்கிய பட்டியல்
• மாணவர் பெயரையோ பள்ளிப் பெயரையோ வெளியிட மாட்டேன், பாடவேளை பாதிக்கப்படாது என்ற உறுதிமொழி
• பெற்றோர் ஒப்புதல் படிவத்தின் மாதிரி

இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் தபால் பிரிவின் முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அனுமதி கிடைத்ததும் செயல்முறைக் கடிதத்தின் (அலுவலக ஆணையின்) ந.க. எண்ணை, அதாவது கோப்பு எண்ணை, குறித்து வைத்தால் ஒவ்வொரு பள்ளியிலும் அதைச் சொன்னாலே வேலை நடக்கும்.

பெற்றோர் ஒப்புதலை ஒரே பக்கத்தில், பேசுகிற தமிழில் எழுதுங்கள். ‘இது மதிப்பெண்ணுக்கான தேர்வு இல்லை’ என்பது முதல் வரியாக இருக்கட்டும். படிவம் வீட்டுக்குப் போய்த் திரும்ப ஒரு வாரம் ஆகும். அதற்குள் பாதிதான் வரும். மீதிக்குப் பெற்றோரைத் தொலைபேசியில் அழைத்து விளக்கிவிட்டு, மீண்டும் கொடுத்தனுப்புங்கள். கையெழுத்து வராத பிள்ளையைத் தேர்வு நேரத்தில் வெளியே உட்காரவைக்காதீர்கள். எல்லோரோடும் எழுதட்டும், கணக்கில் மட்டும் சேர்க்க வேண்டாம்.

6. நாள் குறிப்பதும் செலவும்

வரைபடமும் பேட்டியும் இரண்டு வாரம், கேள்வி எழுத இரண்டு வாரம், முன்னோட்டமும் திருத்தமும் ஒரு வாரம், தேர்வும் மதிப்பீடும் இரண்டு வாரம். அனுமதி இதற்கு இணையாக ஓட வேண்டும், கேள்வித்தாளை இறுதி செய்த பிறகு தொடங்கினால் நின்றுபோவீர்கள். நாங்கள் கேள்வியின் முதல் வரைவு தயாரானதுமே விண்ணப்பித்தோம். ஜூன் கடைசியில் தொடங்கினால் காலாண்டுத் தேர்வுக்கு முன் முடித்துவிடலாம்.

செப்டம்பர் 16-ஐ ஒட்டிய இரண்டு வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள். அன்று ஓசோன் தினம். ஓவியப் போட்டியும் உறுதிமொழியும் நடக்கும். ‘ஓசோனைக் காப்போம், புவி வெப்பத்தைத் தடுப்போம்’ என்று நாமே சுவரொட்டி எழுதவைத்துவிட்டு, மறுவாரம் அந்தக் குழப்பத்தைத் தேர்வில் கண்டுபிடிப்பதில் பொருளில்லை.

முன்னோட்டம் கட்டாயம். வேறு பிரிவைச் சேர்ந்த பத்துப் பேரிடம் கொடுத்து, புரியாத சொல்லின் கீழ் கோடு போடச் சொல்லுங்கள். எங்கள் தாளில் ‘சராசரி’க்கும் ‘உறிஞ்சுதல்’க்கும் கோடு விழும் என்று எதிர்பார்த்தேன். விழுந்தது ‘வளிமண்டல’த்துக்கு. அதன் பிறகு முதல் பக்கத்தில் ‘வளிமண்டலம்: பூமியைச் சுற்றியுள்ள காற்று’ என்று ஒரு வரி சேர்த்தேன்.

செலவு பெரிதில்லை, வீணாக்காமல் இருந்தால். எங்கள் ஊரில் நகல் ஒரு பக்கம் ஒரு ரூபாய். முன்னோட்டம் பார்க்காமல் 40 பேருக்கு ஆறு பக்கத் தாள் அடித்ததில் 240 ரூபாய் குப்பைக்குப் போனது. இரண்டாம் முறை கேள்வித்தாளையும் விடைத்தாளையும் பிரித்தேன். கேள்வித்தாளில் யாரும் எழுதக் கூடாது என்று சொல்லி, அதே கட்டை மற்ற பிரிவுகளுக்கும் பயன்படுத்தினேன். விடைத்தாள் ஆளுக்கு ஒரு பக்கம்தான். ‘வேறு காரணம்’ எழுத அதில் போதிய இடம் விடுங்கள்.

கைப்பேசியில் கூகுள் படிவமாக வைக்கலாமே என்று தோன்றும். வீட்டில் நிரப்பச் சொன்னால் அண்ணன், அக்கா, இணையம் எல்லாம் சேர்ந்து எழுதியதுதான் உங்களுக்கு வரும். தாளே நல்லது.

தேர்வு நாளில் முதல் ஐந்து நிமிடம் பேசுங்கள். “இதுக்கு மார்க் கிடையாது. உங்க மனசுல என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கத்தான். உறுதியில்லன்னா உறுதியில்லன்னே போடுங்க, அதுவும் எனக்கு வேணும்.” ஒரு மாதிரிக் கேள்வியைக் கரும்பலகையில் போட்டு மூன்று அடுக்கையும் எப்படிக் குறிப்பது என்று காட்டுங்கள். இதை விட்டால் பாதிப் பேர் உறுதி அடுக்கைக் காலியாக விடுவார்கள். இரண்டாம் அல்லது மூன்றாம் பாடவேளை நல்லது.

7. எண்ணுவதில்தான் ஏமாறுவோம்

விரிதாளில் ஒரு வரிசைக்கு ஒரு மாணவர், ஒரு கேள்விக்கு மூன்று கட்டங்கள். எழுத்தை எழுத்தாகவே பதியுங்கள். எடுத்ததும் சரி, தவறு என்று 1, 0 போட்டுவிட்டால் எந்தத் தவறு என்பது தொலைந்துபோகும். 40 பேருக்கு எனக்கு இரண்டு மாலைகள் ஆயின.

பிறகு இப்படிப் பிரியுங்கள். விடை சரி, காரணம் சரி, உறுதி: புரிந்திருக்கிறது. விடையும் காரணமும் சரி, உறுதியில்லை: ஊகமாக இருக்கலாம், தன்னம்பிக்கைக் குறைவாகவும் இருக்கலாம். எங்கே தவறு இருந்தாலும், உறுதியில்லை என்றால் அது தெரியாமை. காரணம் தவறு, ஆனால் உறுதி: முதல் விடை சரியோ தவறோ, இதுதான் நீங்கள் தேடியது. விடை தவறு, காரணம் சரி, உறுதி: கவனப்பிழை, அல்லது உங்கள் கேள்வியில் கோளாறு. இந்தக் கடைசி வகை ஒரு கேள்வியில் பத்தில் ஒருவருக்கு மேல் வந்தால் பிள்ளைகளைச் சந்தேகிக்காதீர்கள், கேள்வியைத் திரும்ப எழுதுங்கள்.

எண்ணிக்கை எப்படி மாறும் என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு. 40 பேரில் 30 பேர் முதல் அடுக்கில் சரி. அலகுத் தேர்வு இங்கேயே நின்று 75 சதவீதம் என்று சொல்லிவிடும். அந்த 30 பேரில் காரணமும் சரியாகச் சொன்னவர்கள் 18. அவர்களில் உறுதியாக இருப்பவர்கள் 12. புரிந்தவர்கள் 30 சதவீதம்தான். எஞ்சியவர்களில் ஒரே தவறான காரணத்தை உறுதியோடு சொன்னவர்கள் ஒன்பது பேர் என்றால், அது 22 சதவீதத்துக்கும் மேல். ஒரு குறிப்பிட்ட தவறான கருத்து 10 சதவீதத்தினரிடமாவது இருந்தால் அதைப் பட்டியலில் சேர்ப்பது ஆய்வுகளில் வழக்கம். மற்றவற்றைத் தனியாகக் குறித்து வைத்தால் போதும்.

கடைசியில் ‘வேறு காரணம்’ வரிகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள். அவசரப்படாதீர்கள்.

8. முடிவு கைக்கு வந்த பின்

வகுப்பில் யார் என்ன எழுதினார்கள் என்று வாசிக்காதீர்கள். ஒருமுறை சிரிப்புக்கு ஆளான பிள்ளை அதன் பிறகு மனதில் உள்ளதைத் தாளில் எழுதாது. அந்தக் கிழிந்த தார்ப்பாய்ப் படத்தை நானே கரும்பலகையில் பெயரில்லாமல் வரைந்தேன். “இப்படி நினைக்கிறதுக்கு நல்ல காரணம் இருக்கு. ஆனா இரவுல வெயிலே இல்லையே, அப்ப பூமியோட சூடு எங்க போகுது?” என்று கேட்டேன். வாக்குவாதம் அடுத்த பாடவேளை மணி அடிக்கும்வரை ஓடியது. வெளியேறும் கதிர் என்ற ஒன்று இருக்கிறது என்பதை அவர்களே வந்தடைந்தார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இரண்டு பாட்டில், ஒன்றில் வினிகரும் சமையல் சோடாவும் கலந்து வரும் கார்பன் டை ஆக்சைடு, மேலே விளக்கு, உள்ளே வெப்பமானி என்று ஒரு செய்முறை எல்லா இடத்திலும் காட்டப்படுகிறது. அதில் வெப்பநிலை கூடுவது பெரும்பாலும், காற்றைவிட அடர்த்தியான அந்த வாயு மேலும் கீழும் கலக்காமல் தேங்கிக் கிடப்பதால்தான். வளிமண்டலத்தில் நடப்பது அது இல்லை. ஒரு தவறான கருத்தை எடுத்துவிட்டு இன்னொன்றை அந்த இடத்தில் வைத்துவிடாதீர்கள். கண்ணாடி வீட்டு உவமையிலும் இதே சிக்கல் உண்டு: அது சூடாவது முக்கியமாக உள்ளே உள்ள சூடான காற்று வெளியேற முடியாததால்.

பாடம் நடத்தியவுடன் மறுதேர்வு வைத்தால் எல்லோரும் சரியாக எழுதுவார்கள், அதை நம்ப வேண்டாம். அரையாண்டு விடுமுறை முடிந்து ஜனவரியில், போகிப் புகை கண்ணில் இருக்கும்போதே, அதே தாளை எடுங்கள். முதல் விடைத்தாள்களைக் குறியீட்டு வரிசையில் கட்டி வைத்திருந்தால் ஒவ்வொரு பிள்ளையின் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். குறியீடு எந்தப் பிள்ளையுடையது என்ற பட்டியல் தனி உறையில் இருக்கட்டும். ஒப்பிட்டு முடித்த அன்றே அந்த உறையைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.